ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் வலுவிழந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 58. மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் செய்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) '10-க்கும் கீழ்' என்று வந்திருக்கிறது. என் எலும்புகள் வலுவிழந்துவிட்டனவா? ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: உங்கள் வயதில் இந்த அளவு இயல்பானதே, இதை மட்டும் வைத்து எலும்பின் நிலையை யாராலும் சொல்ல முடியாது.

மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாலும், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளில் உருவாகும் ஆண்ட்ரோஜன் எனும் ஆண்பால் ஹார்மோன்களை உடலின் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி சிறிதளவு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த மிச்சமும் எலும்புக்கு உதவுகிறது. 65 வயதைக் கடந்த பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 1998-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், எஸ்ட்ராடியால் ஒரு மில்லிலிட்டருக்கு 5 பிகோகிராமுக்கும் கீழே இருந்தவர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு முறிவுகள் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. மிகவும் மெலிந்த உடல்வாகு கொண்டவர்களின் எலும்பு விரைவில் வலுவிழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மார்பகப் புற்றுநோய்க்காக அரோமடேஸ் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த மிச்சமும் இல்லாமல் போவதால், அவர்களின் எலும்பைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

அப்படியானால் ரத்தத்தில் அதை அடிக்கடி அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு குறைந்த அளவுகளைப் பெரும்பாலான ஆய்வகங்களின் வழக்கமான முறை துல்லியமாகப் பிரித்துக் காட்டுவதில்லை. உங்கள் அறிக்கையில் உள்ள '10-க்கும் கீழ்' என்பது 9 ஆகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், அந்தப் பரிசோதனையை மறுபடி செய்யத் தேவையில்லை.

எலும்பின் நிலையை அறிய, அதன் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். அது தரும் டி-ஸ்கோர், ஆரோக்கியமான இளம்வயதினரின் எலும்போடு உங்கள் எலும்பை ஒப்பிடும் எண். அது மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே சென்றால் எலும்புப்புரை. இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. 65 வயதுக்குமேல் எல்லாப் பெண்களும் இதை எடுப்பது நல்லது. பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, நீங்கள் ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுத்திருந்தாலோ, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தாலோ அதுவரை காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு 50 வயதில் நின்றிருப்பதால் கடைசிக் காரணம் பொருந்தாது. மற்றவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை எலும்பு முறிவைக் குறைக்கும் என்பது உறுதியானது. எனினும் மாத்திரையாக எடுக்கும்போது ரத்தக்கட்டு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. கருப்பை உள்ளவர்கள் கருப்பையின் உட்சுவரைப் பாதுகாக்க உடன் எடுக்க வேண்டிய புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோனால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் கூடலாம். அறுபது வயதுக்குள், உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பது போன்ற தொல்லைகளும் இருந்தால் அதைப் பரிசீலிக்கலாம். ரத்தத்தில் எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தொடங்கக் கூடாது. எலும்புப்புரை உறுதியானால் பிஸ்பாஸ்போனேட் போன்ற வேறு மருந்துகளும் உள்ளன.

இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. அல்லது அதற்குமேல் குறைந்திருந்தால், வலியே இல்லாவிட்டாலும் முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அங்கே ஏற்படும் முறிவுகள் பல, தெரியாமலேயே நிகழ்ந்துவிடுகின்றன.