யானையைத் தள்ளிய குதிரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மகளுக்கு நாலரை வயது. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். சென்ற வாரம் இரண்டு படங்களை வைத்து, ‘யானையைத் தள்ளிய குதிரையைக் காட்டு’ என்றேன். யானை குதிரையைத் தள்ளும் படத்தைக் காட்டினாள். திரும்பக் கேட்டும் அதே பதில்தான். மூளை வளர்ச்சியில் ஏதேனும் குறை இருக்குமோ? இனி அவளிடம் சிறு சிறு வாக்கியங்களாகவே பேச வேண்டுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துக் குறை என்று எண்ண இடமில்லை. சரளமாகப் பேசும் குழந்தைக்கு எல்லா வாக்கியமும் புரியும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பேச்சும் வாக்கியப் புரிதலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

உங்கள் வாக்கியத்தையே பாருங்கள். ‘யானை தள்ளிய குதிரை’ என்றால் தள்ளியது யானை. ‘யானையைத் தள்ளிய குதிரை’ என்றால் தள்ளியது குதிரை. ‘ஐ’ என்ற ஓர் உருபைக் காதில் வாங்கி, செய்தவர் யார் என்ற முடிவை ஒத்திப்போட்டு, ‘குதிரை’ வரும்வரை முன்னால் வந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்திருந்து, பிறகுதான் அவற்றை இணைக்க முடியும். முதலில் கேட்ட பெயரையே செயலுக்கு உரியவராகக் கொள்வது பல மொழிக் குழந்தைகளிடமும் காணப்படும் இயல்பு. உங்கள் மகளும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

உருபே அவளுக்குப் பிடிபடவில்லை என்றும் இதற்குப் பொருளில்லை. தமிழைப் போலவே சொல்லோடு உருபு ஒட்டும் துருக்கிய மொழியில், இரண்டு வயதுக் குழந்தைகளே எளிய வாக்கியங்களைச் சொல்வரிசை மாற்றிச் சொன்னாலும் பொம்மைகளைக் கொண்டு சரியாகச் செய்துகாட்டியதை டான் ஸ்லோபினும் தாமஸ் பீவரும் 1982இல் பதிவுசெய்தனர். ஜெர்மன் குழந்தைகளோ உருபை மட்டும் நம்பிப் பொருள்கொள்ள ஏறக்குறைய ஏழு வயதாகிறது. ‘குதிரையை யானை தள்ளியது’ என்பதை உங்கள் மகள் எளிதில் புரிந்துகொள்ளக்கூடும். ஒரு நிகழ்ச்சியையே பெயருக்கு அடைமொழியாக்கும்போதுதான் சுமை கூடுகிறது.

அந்தச் சுமையைத் தாங்கும் நரம்புப் பாதை மெதுவாகவே முதிர்கிறது. ஒலியையும் சொல்லையும் அறியும் பக்கவாட்டு மூளைப் பகுதிக்கும், வாக்கிய அமைப்பைக் கையாளும் முன்பகுதியில் உள்ள புரோக்கா பகுதிக்கும் இடையே இரண்டு வழிகள் உள்ளன. கீழ்வழி பிறக்கும்போதே இருக்கிறது. மேல்வழியாகப் புரோக்கா பகுதியை எட்டும் இழைகள் பிறந்த குழந்தைகளிடம் தென்படவில்லை என்று ஆஞ்செலா ஃப்ரீடெரிசி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். ஏழு வயதிலும் அப்பாதை பெரியவர்களுடையதைப் போல முதிர்ந்திருப்பதில்லை. சிக்கலான வாக்கியங்களைப் பிரித்தறிவதில் இப்பாதைக்குப் பெரும் பங்கு உண்டு என்றே கருதப்படுகிறது. சொல் அறிவு முந்துவதும் வாக்கிய அறிவு பிந்துவதும் ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கங்களுள் இது ஒன்று.

ஆகவே வாக்கியங்களைக் குறுக்காதீர்கள். எட்டு மாதக் குழந்தைகள் இரண்டே நிமிடம் கேட்ட ஒலித்தொடரிலிருந்து எந்த அசைகள் சேர்ந்து வருகின்றன என்பதைக் கண்டறிந்ததை 1996இல் ஜெனி சாஃப்ரனும் உடன் ஆய்ந்தவர்களும் நிறுவினர். கேட்பதிலிருந்து ஒழுங்கைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அவ்வளவு முன்பே தொடங்கிவிடுகிறது. கேட்காத அமைப்பை எந்தக் குழந்தையும் கற்க முடியாது. படத்தை வைத்துத் தேர்வு நடத்துவதை விட்டுவிட்டு, ‘நேற்று நீ கட்டிய வீட்டை யார் கலைத்தது?’ என்பதைப் போல, அவள் கண்டும் செய்தும் அறிந்தவற்றைப் பற்றி முழு வாக்கியங்களில் பேசுங்கள். அங்கே பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அமைப்பு தானே பிடிபடும்.

அன்றாடம் சொல்லும் எளிய வாக்கியங்களே அவளுக்குப் புரியவில்லை என்றாலோ, கூப்பிட்டால் பல முறை திரும்பாமல் இருந்தாலோ, காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள்.

அன்புடன்.