யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் என் பேரன் சேர்ந்திருக்கிறான். அங்கெல்லாம் ஃப்ரெட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கங்கள் மறைந்து வருகின்றனவாமே? கூடிச் சாப்பிட, பழக இடமில்லாமல் பிள்ளைகள் தனித்துப் போய்விட மாட்டார்களா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கூடிச் சாப்பிடுவதைச் சொன்னீர்களே, அதையே எடுத்துக்கொள்கிறேன். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி இருக்கிறது. 1960 வாக்கில் அங்கே மேல் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோருக்குச் சாப்பாடே இந்தச் சங்க வீடுகளில்தான். சங்கம் சேர்த்துக்கொண்டால்தான் அந்த மேசையில் இடம். சேர்ப்பது எப்படி? பழைய வழக்கம் இது: கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெட்டியைச் சுற்றுக்கு விடுவார்கள். வேண்டுமென்றால் வெள்ளை உருண்டை, வேண்டாமென்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போயிற்று. காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. யூதப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் இப்படித்தான் கழிக்கப்பட்டார்கள்.

பெரிய பல்கலைக்கழகமென்றால் கழித்துவிட்டவன் முகத்தில் விழிக்காமல் நாலு வருஷத்தை ஓட்டிவிடலாம். சின்னக் கல்லூரியில் முடியுமா? வேண்டாமென்றவன் பக்கத்திலேயே தினமும் வகுப்பில் உட்கார வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை அதை எப்படித் தாங்கும்?

பிள்ளைகளே எதிர்த்ததும் உண்டு. 1948-ல் ஃபை கப்பா சை என்ற நாடளாவிய சங்கத்தின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக் கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தது. தலைமைச் சங்கம் அந்தக் கிளையையே தள்ளிவைத்தது. இளைஞர்கள் பணியவில்லை, தனிச் சங்கமாக நடத்தினார்கள். இவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நம் சேரன்மாதேவி குருகுலத்திலும் சண்டை சாப்பாட்டில்தான் வெடித்தது. தேசபக்தியை ஊட்ட வந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை. ‘அந்தப் பழங்கதை இன்னும் எதற்கு’ என்று இந்தப் பக்கத்துக்கு எப்போதும் கடிதம் எழுதுகிறவர்கள் இந்த வாரமும் எழுதட்டும். பந்தியில் ஒரு பிள்ளையை எழுப்பிவிடுகிறவரை என்னால் மன்னிக்க முடியாது, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும்.

வில்லியம்ஸில் 1962-ல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது: சோறும் தங்குமிடமும் கல்லூரியின் பொறுப்பு, சங்கத்தினுடையதல்ல என்று. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். நிர்வாகம் பின்வாங்கவில்லை. 1984-ல் கோல்பி கல்லூரியும் ஆம்ஹெர்ஸ்டும் சங்கங்களுக்கு முடிவு கட்டின. 2019-ல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் மாணவர்களே ஒரு சங்க வீட்டில் போய் உட்கார்ந்து போராடினார்கள். அங்கிருந்த சங்கத்தாரின் பழைய குறிப்புகள் வெளியாகி, பெண்களைப் பற்றி அவர்கள் எழுதிவைத்திருந்தது ஊருக்கே தெரிந்திருந்தது. கல்லூரியில் இருந்த இரண்டு சங்கங்களும் தாமாகக் கலைந்தன.

தனிமை என்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியோடு கிடக்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். சங்க வீட்டைப் பூட்டினால் மட்டும் போதாது, வேறு வாசலைத் திறக்க வேண்டும். மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி அதைச் செய்தது. சங்கங்களை ஒழிக்க 1997-ல் முடிவெடுத்து, அந்தப் பழைய வீடுகளையே எல்லாருக்குமான கல்லூரி இல்லங்களாக்கியது. முதலாண்டு விடுதி ஒவ்வொன்றையும் ஓர் இல்லத்தோடு இணைத்தார்கள். வந்து சேரும் பிள்ளைக்கு முதல் நாளே ஒரு வீடு உண்டு. யாருடைய ஓட்டும் வேண்டாம். உங்கள் பேரன் கல்லூரியில் இப்படி ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா என்று அடுத்த முறை பேசும்போது கேளுங்கள்.