குளிர்காலத்தில் நிறுத்திவைக்கும் டிரெய்லரின் கூரையைக் காப்பது எப்படி?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கிறோம். பழைய 24 அடி டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றை இந்தக் கோடையில் வாங்கினோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டுக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நிற்கும். கூரை வெள்ளை ரப்பர். நீலத் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அப்படிக் கட்டிய தார்ப்பாய், மூடாமல் விடுவதைவிட அதிகக் கெடுதல் செய்யக்கூடும். காற்றில் அது படபடக்கும்போது அதன் உலோக வளையங்களும் கயிறும் ஒரே இடத்தில் உரசி உரசி ரப்பரை அறுத்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் என்பதால் அடியில் தங்கும் ஈரமும் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும்.

ஆனால் எதைக் கொண்டு மூடுவது என்பதைவிட, மூடுவதற்கு முன் இணைப்புகளைச் சரிபார்த்தீர்களா என்பதே முக்கியம். ரப்பர் விரிப்பு எளிதில் ஒழுகுவதில்லை. காற்றுப்போக்கி, கூரைச் சன்னல், ஆன்டெனாவின் அடிப்பகுதி, முன்பின் விளிம்புகள் ஆகியவற்றைச் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட்டில் (இடைவெளியை அடைக்கும் பசையில்) விழும் மயிரிழை வெடிப்புகள் வழியாகத்தான் பெரும்பாலும் தண்ணீர் இறங்குகிறது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதாலும், பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள் உங்கள் பகுதியில் அடிக்கடி வருவதாலும், இலையுதிர்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வசந்தத்தில் வாய் பிளந்து நிற்கும்.

ஆகவே அக்டோபர் தொடக்கத்திலேயே, குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்குமுன், மிதமான சோப்பு நீரால் கூரையைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தேய்க்கும்போது கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பராக இருக்கலாம்; அதன்மேல் பெட்ரோலியம் கலந்த திரவம் எதுவும் படக்கூடாது. பிறகு சீலன்ட்டின் ஓரம் முழுவதையும் விரல் நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். எழும்பி வரும் இடத்தைச் சுத்தம் செய்து, உங்கள் கூரை வகைக்கென விற்கும் லேப் சீலன்ட்டை, அதாவது கூரையின் விளிம்புகளையும் இணைப்புகளையும் மூடும் வகைச் சீலன்ட்டை, பூசுங்கள். சிலிக்கோனைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது பட்ட இடத்தில் பின்னர் வேறெதுவும் சரியாக ஒட்டாது. மேலே ஏறுவதானால், கூரை ஆள் பாரத்தைத் தாங்கும் என்று உற்பத்தியாளரின் கையேடு சொன்னால் மட்டுமே, அகலமான பலகை போட்டு ஏறுங்கள்.

இவ்வளவும் முடிந்த பின், டிரெய்லரின் அளவுக்கே தைத்த, காற்று ஊடுருவும் துணி உறையைப் போடலாம். ஏணி, ஆன்டெனா, மழைநீர்க்கால் முனை போன்ற கூரிய இடங்களில் முதலில் நுரைக்குழாயைச் சுற்றிவிடுங்கள். முன்பக்கத்தைச் சற்றே தாழ்த்தி நிறுத்தினால் உருகும் நீர் தேங்காமல் வடியும்.

ஈரப்பனி கனமானது, அது குவிந்தால் தரையில் நின்றபடியே நீளப்பிடி கொண்ட மென்மையான துடைப்பத்தால் தள்ளுங்கள், உலோக மண்வாரி வேண்டாம். உறைந்து ஒட்டிய பனிக்கட்டியைக் கொத்தி எடுக்காமல் உருகும்வரை விட்டுவிடுங்கள். பனி உருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே சென்று, கூரையின் மூலைகளையும் காற்றுப்போக்கியின் சட்டத்தைச் சுற்றியும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். பலகை மெத்தென்று அமுங்கினால், ஏப்ரல் வரை காத்திராமல் உடனே பழுது பார்ப்பவரை அழையுங்கள்.