வீல் ஆஃப் டைம்: 10ல மாட்டிக்கிட்டு 12ஐ நினைச்சு பயப்படுறவங்களுக்கு

வாசகர் கேள்வி: வீல் ஆஃப் டைம்ங்கற 14 புக் ஃபேன்டசி நாவல் சீரிஸ்ல ஒன்பது புக் முடிச்சாச்சு, பத்தாவது கால்வாசியிலேயே ரெண்டு மாசமா நிக்குது. ராபர்ட் ஜோர்டன் இறந்துட்டாருன்னும் கடைசி மூணு புக்கை பிராண்டன் சாண்டர்சன் எழுதினாருன்னும் இப்பதான் தெரிஞ்சுது. வேற ஆள் எழுதின முடிவை படிக்கணுமா, இல்ல 11வதோட நிறுத்திக்கலாமா? 10ஐ தாண்டி நேரா 12க்கு போகலாமா? நியூ ஸ்பிரிங்னு ஒண்ணு இருக்கே, அதை எப்ப படிக்கறது?

பதில்:

முதல்ல பதிலை சொல்லிடறேன், விளக்கம் அப்புறம். 11வதோட நிறுத்தாதீங்க. 10ஐ முழுசா தாண்டவும் வேணாம், மேலோட்டமா மேஞ்சுட்டு போகலாம், எதை மேயலாம் எதை மேயக்கூடாதுன்னு கீழ சொல்றேன். நியூ ஸ்பிரிங்கை இப்பவே எடுத்துப் படிங்க, 10 கொஞ்ச நாள் அப்படியே கிடக்கட்டும்.

"வேற ஆள் எழுதின முடிவு"தான் உங்களுக்கு பெரிய உறுத்தல்னு தெரியுது, அதனால அதுல ஆரம்பிப்போம். ஜோர்டனோட நிஜப்பேரு ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி, அமெரிக்காவுல சவுத் கரோலினா பக்கம் சார்ல்ஸ்டன் ஊர்க்காரர், வியட்நாம் போருக்கு போய்ட்டு வந்தவர், முதல் புக் 1990ல வந்துச்சு. 2006 மார்ச்ல தனக்கு அமிலாய்டோசிஸ்னு ஒரு நோய், அது இதயத்தை பாதிச்சிருக்குன்னு அவரே வாசகர்களுக்கு சொன்னாரு, 2007 செப்டம்பர் 16ல இறந்துட்டாரு. ஆனா அந்த ஒன்றரை வருஷத்துல, உடம்பு ஒத்துழைச்ச அளவுக்கு, கடைசி புக்குக்கான வேலையை பாத்துக்கிட்டே இருந்தாரு. எழுத முடிஞ்சதை எழுதினாரு, முடியாதப்ப சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதிக்கிட்டாங்க, கடைசி நாட்கள்ல குடும்பத்து ஆளுங்களை பக்கத்துல உக்காரவெச்சு கதை எப்படி முடியுதுன்னு வாயாலயே சொல்லியிருக்காரு, அதை ரெக்கார்டும் பண்ணி வெச்சிருக்காங்க.

அவரோட மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் முதல் புக்ல இருந்தே இந்த சீரிஸுக்கு எடிட்டர். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா எழுதுற கை மாறினாலும் எடிட் பண்ற கை மாறல. ஜோர்டன் இறந்தப்ப சாண்டர்சன் எழுதின ஒரு அஞ்சலி ஹாரியட் கைக்கு வந்துச்சு, அப்புறம் அவரோட மிஸ்ட்பார்ன் நாவலை படிச்சுப் பாத்தாங்க, சரிப்பட்டு வருவாருன்னு முடிவு பண்ணாங்க. சாண்டர்சன் ஸ்கூல் படிக்கிற வயசுல இருந்தே இந்த சீரிஸ் ரசிகர். 2007 டிசம்பர்ல அறிவிப்பு வந்துச்சு. சார்ல்ஸ்டன் வீட்டுக்கு போனதும் அவர் முதல்ல கேட்டது முடிவுப் பக்கங்களைத்தான், அன்னிக்கு ராத்திரியே உக்காந்து படிச்சு முடிச்சிருக்காரு. யாரா இருந்தாலும் அதைத்தானே கேப்பாங்க.

அவருக்கு கிடைச்சது சுமார் 200 பக்கம். அதுல சிலது முழுசா எழுதி முடிச்ச காட்சி, சிலது சொல்லி எழுதவெச்சது, சிலது "இவன் இங்க போறான், இதை பண்றான்"ங்கற அளவு குறிப்பு, சில இடத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் ஓட்டை. இது போக அந்த உலகத்தைப் பத்தி, ஆளுங்களைப் பத்தி, ஊருங்களைப் பத்தி ஜோர்டன் வருஷக்கணக்கா சேத்த குறிப்பு தனி மலை. அதுல எது எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க அவர்கிட்ட வேலை பாத்த மரியா சைமன்ஸ், ஆலன் ரோமன்சுக் ரெண்டு பேரும், அவங்களும் கடைசி வரை கூடவே இருந்து தப்பு பாத்து குடுத்தாங்க. 14வது புக்கோட எபிலாக், அதாவது கடைசி முடிவுப் பகுதி, பெரும்பாலும் ஜோர்டன் தன் கையால எழுதி வெச்சுட்டு போனது. அதனால 11வதோட நிறுத்தினா ஜோர்டனுக்கு மரியாதை பண்றதா ஆகாது, அவர் எங்க கொண்டுபோய் விடணும்னு முதல்ல இருந்து நினைச்சிருந்தாரோ அந்த இடத்தையே நீங்க படிக்காம விட்டதாதான் ஆகும்.

ஒரே புக்கா முடிக்கறேன்னுதான் ஜோர்டன் கடைசி வரை சொல்லிக்கிட்டு இருந்தாரு, எவ்வளவு தடியா வந்தாலும் சரின்னு. சாண்டர்சன் எழுத உக்காந்தப்புறம்தான் அது நடக்கற காரியம் இல்லன்னு தெரிஞ்சுது, 2009ல மூணா பிரிச்சாங்க. த கேதரிங் ஸ்டார்ம் 2009, டவர்ஸ் ஆஃப் மிட்நைட் 2010, எ மெமரி ஆஃப் லைட் 2013 ஜனவரி. காசு பாக்க இழுத்துட்டாங்கன்னு அப்ப நிறைய பேர் திட்டினாங்க. எனக்கு அப்படி படல, 11வது முடிவுல எத்தனை பேர் எத்தனை ஊர்ல சிதறிக் கிடக்கறாங்கன்னு பாத்தா உங்களுக்கே புரியும், அத்தனை பேரையும் ஒரு புக்குல ஒரு இடத்துக்கு கொண்டுவரணும்னா பாதி பேருக்கு ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும்.

சரி, வித்தியாசம் தெரியுமா தெரியாதா? தெரியும். தெரியவே தெரியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எங்கெங்க தெரியும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா கோவம் வராது, அவ்வளவுதான்.

பெரிய இடம் மேட், கதையோட முக்கிய ஆளுங்கள்ல ஒருத்தன். 12வதுல மேட் முதல் தடவை வர்ற அத்தியாயத்துலயே, பொம்பளைங்க கோவேறு கழுதை மாதிரி, இல்ல இல்ல ஆடு மாதிரின்னு தன் படைத் தளபதி டால்மேன்ஸ்கிட்ட ஒரு பிரசங்கம் வைக்கறான். கொஞ்சம் தள்ளி, ஒரு ஊருக்குள்ள வேஷம் மாத்தி போறதுக்கு தன் ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு முழு பொய் வாழ்க்கை வரலாறு எழுதி வெச்சிருப்பான், அவங்க அதை மனப்பாடம் பண்ணணுமாம். தனியா எடுத்து படிச்சா சிரிப்பு வருது, ஒத்துக்கறேன். ஆனா ஜோர்டனோட மேட் ஜோக் அடிக்கிறவன் கிடையாது, "நான் ஹீரோ இல்லப்பா, என்னை விடுங்க, நான் கிளம்பறேன்"னு மனசுக்குள்ள புலம்பிக்கிட்டே கால் மட்டும் நேரா ஆபத்துப் பக்கம் நடக்கும், தான் காமெடி பீஸ்னு அவனுக்கே தெரியாது, அதான் சிரிப்பு. 12ல அவன் தெரிஞ்சே காமெடி பண்றான். இதை சாண்டர்சனே பின்னாடி வெளிப்படையா ஒத்துக்கிட்டாரு, தான் எழுதின முதல் புக்ல, அதாவது 12ல, மேட் சரியா வரலன்னு. 13ல பரவாயில்ல, 14ல அவன் வேலையே வேற, அங்க எனக்கு பெரிசா உறுத்தல.

ரெண்டாவது, நடை. நைனீவ் ஜடையை இழுக்கறதும் பாவாடையை நீவி விடறதும், சட்டை கைல என்ன கலர் நூல்ல என்ன பூ எம்ப்ராய்டரின்னு அரைப்பக்கம் ஓடறதும் இனிமே ரொம்ப குறையும். வாக்கியம் சின்னதாகும், ஆளுங்க மனசுல இருக்கறதை நேரடியா பேசுவாங்க, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் விஷயத்தை மறைச்சு மறைச்சு ஒன்பது புக் ஓட்டினவங்க திடீர்னு உக்காந்து பேசி தீத்துக்குவாங்க. சிலருக்கு இது நிம்மதி, சிலருக்கு "இது என் ஊர் மாதிரி இல்லையே"ன்னு தோணும். பத்தாவதுல ரெண்டு மாசமா நிக்கற உங்களுக்கு நிம்மதியாதான் இருக்கும்னு நினைக்கறேன். ஒவ்வொரு புக் முதல் அத்தியாயமும் காத்து கிளம்பி வர்ற அதே பத்தியோடதான் ஆரம்பிக்கும், அதை சாண்டர்சன் விடவே இல்ல.

மூணாவது, கால வரிசை. இதுதான் நிஜமாவே படிக்கிறவங்களை குழப்பற விஷயம், அதனால நல்லா கவனிங்க. 12ல கதாநாயகன் ரேண்ட் கதையும் அவன் ஊர்க்காரி எக்வீன் கதையும் வேகமா முன்னாடி ஓடிடும், ரேண்டோட நண்பன் பெரின் கதையோட பெரும்பகுதி 13ல வரும், ஆனா 13ல வர்ற பெரின் ரேண்டை விட சில வாரம் பின்னாடி இருப்பான். ரேண்டோட அப்பா டேம் 12ல ஒரு முக்கியமான இடத்துல வருவாரு, நீங்க 13ஐ திறந்தா அவர் இன்னும் பெரின் முகாம்லயே சுத்திக்கிட்டு இருப்பாரு. பிரிண்ட் மிஸ்டேக்கோன்னு நினைச்சுடாதீங்க. பெரினும் டேமும் சேந்து வந்தா "இது பழைய தேதி"ன்னு மனசுல குறிச்சுக்கோங்க, 13 பாதிக்கு மேல போகப் போக எல்லாம் ஒரே கோட்டுக்கு வந்துடும். இதனாலதான் 12க்கும் 13க்கும் நடுவுல இடைவெளி விடாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்றது, ரெண்டையும் ஒரே புக்கா நினைச்சு படிங்க. 13க்கும் 14க்கும் நடுவுல வேணும்னா மூச்சு வாங்கிக்கலாம்.

இப்ப உங்க பத்தாவது பிரச்சினை. கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட் 2003ல வந்தப்ப ரெண்டு மூணு வருஷம் காத்திருந்து வாங்கினவங்க கொதிச்சுப் போய்ட்டாங்க, நியாயம்தான். ஒன்பதாவது கடைசியில ரேண்ட் அவ்வளவு பெரிய காரியம் பண்ணி முடிச்சிருக்கான், பத்தாவது புக் முக்கால்வாசி அந்த நேரத்துல மத்தவங்கல்லாம் எங்க இருந்தாங்க, தூரத்துல அந்த சக்தியை உணர்ந்து என்ன பேசிக்கிட்டாங்கன்னு சுத்தி சுத்தி வருது, ரேண்ட் தலையை காட்டறதே கொஞ்சம்தான். ஆனா உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அடுத்த புக் ஷெல்ஃப்ல ரெடியா இருக்கு, யாருக்காகவும் காத்திருக்க வேணாம்.

எதை மேயலாம்னா, ப்ராலாக் ரொம்ப நீளம், யார் எங்கன்னு தெரிஞ்சா போதும், வேகமா ஓட்டுங்க. கேம்லின் நகரத்துல அரியணைக்காக எலேய்ன் எந்த குடும்பம் தன் பக்கம் எந்த குடும்பம் எதிர்ப்பக்கம்னு கணக்கு போடற அத்தியாயங்களை தாராளமா மேயுங்க, அந்த பேருங்க முக்கால்வாசி பின்னாடி தேவைப்படாது. பெரின் தன் மனைவி ஃபெய்லை தேடற பகுதி இழுவைதான், ஆனா அவன் கொஞ்சம் கொஞ்சமா எப்படி மாறறான்னு அதுலதான் இருக்கு, பாதி கவனத்தோடயாவது படிங்க. லூக்கா சர்க்கஸோட மேட்டும் ட்யூவானும் போற அத்தியாயம் ஒண்ணைக்கூட விடாதீங்க, மொத்த புக்குலயும் உயிரோட இருக்கற பகுதி அதுதான், ஜோர்டன் கையில மேட் எப்படி இருப்பான்னு உங்களுக்கு காதுல பதியறதும் அங்கதான். எக்வீன் முகாம் அத்தியாயங்களை மேஞ்சாலும் கடைசி அத்தியாயத்தை நிதானமா படிங்க. என்ன நடக்குதுன்னு சொல்லமாட்டேன், ஆனா 12வது புக்கோட பாதி பலம் அங்க இருந்துதான் கிளம்புது. 10ஐ அப்படியே தாண்டிட்டு நேரா 12க்கு போனா நல்லா இல்லன்னு தோணி, பழி சாண்டர்சன் தலையில விழும், அப்படி விழுந்த கேஸ் நிறைய பாத்திருக்கேன்.

11வது நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ், 2005, ஜோர்டன் முழுசா முடிச்ச கடைசி நாவல். அதுல ஒரு வரி கூட மேயாதீங்க. எட்டாவதுல இருந்து இழுத்துக்கிட்டு இருந்த நூல் பலதை பட்டு பட்டுன்னு முடிச்சு வைக்கறாரு, வேகம் திரும்பி வந்துருச்சு. கடைசி மூணு புக்கோட வேகத்துக்கு சாண்டர்சன்தான் காரணம்னு பொதுவா சொல்றாங்க, என் அபிப்பிராயத்துல அந்த கியரை போட்டது ஜோர்டனேதான், 11லயே.

நியூ ஸ்பிரிங் 2004ல வந்த முன்கதை, சின்னது, முதல் புக்குக்கு இருபது வருஷம் முன்னாடி மொய்ரெய்னும் லானும் எப்படி சந்திச்சாங்கங்கறது. முதல் புக்குக்கு முன்னாடியே படிக்கலாம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, மொய்ரெய்ன் மேல முதல்ல வர்ற சந்தேகமே போய்டும். வந்த வரிசைப்படி அது 10க்கும் 11க்கும் நடுவுல. நீங்க 10லயே திணறறதால ஒரு புக் முன்னாடி எடுத்தாலும் கெட்டுப் போறது ஒண்ணும் இல்ல. காட்சுவேன் அப்ப எப்படி இருந்தாங்கன்னு பாக்கறதுக்கே படிக்கலாம், ஒன்பது வரை படிச்சவங்களுக்கு அங்க நல்லா சிரிப்பு வரும். இந்த மாதிரி இன்னும் ரெண்டு முன்கதை எழுதறதா இருந்தாரு ஜோர்டன், நடக்கல, அதை வேற யாரும் எழுதவும் இல்ல.

ரெண்டு மாசம் கேப் விட்டுட்டதால பழசை மறுபடி முதல்ல இருந்து படிக்கணுமான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்கப் போறீங்க. வேணாம். நெட்ல ஒன்பதாவது புக்கோட அத்தியாயச் சுருக்கம் மட்டும் படிங்க, போதும். ஆள் பேரை போட்டு தேடிடாதீங்க, முதல் வரியிலேயே அந்த ஆள் எப்ப எப்படி செத்தாருன்னு போட்டிருக்கும். சந்தேகம் வந்தா உங்க புக் பின்னாடி இருக்கற அகராதிப் பகுதி அந்த புக் வரைக்கும்தான் பேசும், அதைப் பாருங்க. 2015ல வந்த கம்பேனியன், அதாவது இந்த சீரிஸோட தகவல் களஞ்சியம், நல்ல புக்தான், ஆனா 14 முடியற வரை அதை அலமாரியை விட்டு எடுக்காதீங்க. டிவி சீரிஸ் இந்த விஷயத்துல உதவாது, மூணு சீசனோட 2025ல நிறுத்திட்டாங்க, முடிவு பக்கம் அது வரவே இல்ல. காதால கேக்கற பழக்கம் இருந்தா ஆடியோவுக்கு போங்க, மைக்கேல் க்ரேமரும் கேட் ரீடிங்கும்தான் 14 புக்கையும் படிச்சிருக்காங்க, அதே குரல் தொடர்ந்து வர்றதால 12ல ஆள் மாறினது இன்னும் கம்மியா தெரியும், 10ஐ ஓட்டறதுக்கும் அது வசதி.

கடைசியா 14வது. 37வது அத்தியாயம் பேரே த லாஸ்ட் பேட்டில், அது ஒண்ணு மட்டுமே சுமார் 79,000 வார்த்தை, அதாவது ஒரு சாதாரண நாவல் சைஸ். ராத்திரி பதினொரு மணிக்கு "இந்த ஒரு அத்தியாயம் முடிச்சுட்டு தூங்கலாம்"னு ஆரம்பிச்சா அவ்வளவுதான். அடுத்த நாள் லீவா இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. அதுல ஒரு கதாபாத்திரம் திடீர்னு பெரிய ஆளா வந்து நிக்கறாரே, இத்தனை நாள் எங்க இருந்தாருன்னு கேள்வி வந்தா, அதுக்கான பகுதியை சாண்டர்சன் எழுதி நாவல்ல இருந்து வெட்டிட்டாரு, ரிவர் ஆஃப் சோல்ஸ்னு 2013ல வேற ஒரு தொகுப்புல தனியா வந்துச்சு. அதை 14 முடிச்ச பிறகு படிங்க.