நாராயணிய ஏன் காட்டல?

அண்ணா வணக்கம்,
நீங்க சொன்னீங்கன்னு மதிலுகள்ங்கற மலையாளப் படத்தப் பாத்தேன். மம்மூட்டி பிரமாதம், ஒத்துக்குறேன். ஆனா கடைசி வரைக்கும் அவரு காதலிக்கிற அந்த நாராயணிய காட்டவே இல்லையே, வெறும் குரல். இதப் போய் ஜெயில் படத்துலயே நெருக்கமான படம்னு எப்படி சொல்றீங்க? எனக்கு ஏமாத்தின மாதிரி இருந்துச்சு. முதல்ல நாவலப் படிச்சிருக்கணுமோ?
கே., திருப்பூர்

தம்பி,

ஏமாந்தது நீங்க மட்டும் இல்ல, ஜெயில்ல இருக்குற பஷீரும்தான் (மம்மூட்டி நடிச்ச பாத்திரம், நாவல எழுதினவரும் அவர்தான்). டைரக்டர் அடூர் கோபாலகிருஷ்ணன் கேமராவ மதிலுக்கு அந்தப் பக்கம், நாராயணி இருக்குற பெண்கள் ஜெயிலுக்கு, கொண்டு போகவே இல்ல பாருங்க, பஷீர் எந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரோ அதே பக்கம்தான் நமக்கும்.

எங்க சொந்தத்துல ஒருத்தர் ரிமாண்ட்ல இருந்தப்ப மனு போட்டு பாக்கப் போயிருக்கேன், ரெண்டு கம்பி வலை, நடுவுல இடைவெளி, இந்தப் பக்கம் ஒரு முப்பது பேரு அந்தப் பக்கம் ஒரு முப்பது பேரு, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க. அவர் முகம் நல்லாத் தெரியுது, வாய் அசையுது, ஒரு வார்த்தை கேக்கல. "சாப்டீங்களா"ன்னு நாலு தடவ கத்திட்டு வந்துட்டேன், அதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் இந்தப் படத்தப் பாத்தப்ப எனக்கு பொறாமையா இருந்துச்சு, நெஜமா. முகம் இல்ல, ஆனா பேச எவ்ளோ நேரம் கிடைக்குது அவங்களுக்கு!

இன்னொண்ணு, நாராயணி வர்றதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க. கூட இருந்த அரசியல் கைதிங்க எல்லாரையும் விட்டுர்றாங்க, லிஸ்ட்ல பஷீர் பேரு மட்டும் இல்ல. ஊரே காலியான மாதிரி ஆயிடுது. தப்பிச்சுப் போகக்கூட யோசிக்கிற நேரத்துலதான் பெண்கள் ஜெயில் பக்கத்துலருந்து அந்தக் குரல். அப்புறம் ரோஜாச் செடி மதில் தாண்டிப் போகுது. தான் வந்துட்டேன்னு சொல்ல அவ காஞ்ச குச்சி ஒண்ண மேல வீசுறா, அது வானத்துல எழும்பி விழுறத அண்ணாந்து பாக்குறாரே மம்மூட்டி, அந்த மூஞ்சி. 1989க்கான தேசிய விருத சும்மா குடுக்கல (அவரோட இன்னொரு படம் ஒரு வடக்கன் வீரகதாவுக்கும் சேத்துதான்னு சண்டைக்கு வராதீங்க). நாராயணின்னு ஒருத்தியே இல்ல, எல்லாம் இவர் கற்பனைன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல சம்மதமே இல்ல. அப்ப அந்தக் குச்சிய யாருய்யா வீசினது?

ஆஸ்பத்திரில சந்திக்கலாம்னு நாள் குறிச்சு வச்சிருக்கப்ப விடுதலை ஆர்டர் வருது. விடுதலை யாருக்கு வேணும்னு கேக்குறாரு மனுஷன். சுதந்திரத்துக்காக உள்ள போனவரு! நாராயணி முகத்த நமக்கு ஒரு தடவ காட்டியிருந்தா இந்த இடத்துல நமக்கு வலிச்சிருக்காது, "நாங்கதான் பாத்துட்டோமே"ன்னு எழுந்து போயிருப்போம்.

ஒரு குறை எனக்கும் உண்டு. குரல் கேபிஏசி லலிதாவோடது, அலைபாயுதேல நடிச்சவங்க. எனக்கு ரொம்பப் பழகின குரல்ங்கறதால முதல் அஞ்சு நிமிஷம் அவங்க முகமே வந்து நின்னுச்சு, அப்புறம் போயிருச்சு.

நாவல் சின்னதுதான், சுகுமாரன் மொழிபெயர்ப்புல தமிழ்லயே கிடைக்குது, ஒரே மூச்சுல முடிச்சிரலாம். முன்ன பின்ன எப்படிப் படிச்சாலும் பரவாயில்ல. ஆனா படத்த இன்னொரு தடவ பாக்குறதா இருந்தா போன்ல வேணாம், நைட்டு எல்லாரும் தூங்கின பிறகு ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாருங்க.