வீட்டு வேலையிலேயே நாள் கழிகிறவர்கள் கத்தோலிக்கப் புனிதர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

தவமோ துறவோ மேற்கொள்ள வழியில்லாமல், சமையலறைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் புனிதர்களின் வாழ்க்கையால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கவாதத்தில் விழுந்த என் தந்தையை இரண்டரை ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான். அந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்த ஒரே ஒரு புனிதரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சிறுமலர் என்று அன்போடு அழைப்பவர்.

சிலுவையையும் ரோசாப் பூக்களையும் மார்போடு அணைத்தபடி அவர் நிற்கும் படம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. துன்பமே அறியாத மென்மையான பெண் என்றுதான் அவரைப் பல காலம் எண்ணியிருந்தேன். அது தவறு. 1873-இல் பிரான்சு நாட்டில் பிறந்த அவர், நான்கு வயதில் தாயை இழந்தார்; 15 வயதில் லிசியே நகரில், வெளியுலகத் தொடர்பின்றி வாழும் கன்னியரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார்; 1897 செப்டம்பர் 30 அன்று, 24 வயதில், காசநோயால் இறந்தார். மடத்தில் வாழ்ந்த ஒன்பது ஆண்டுகளும், தாம் தேர்ந்தெடுக்காத இருபதுக்கும் மேற்பட்ட பெண்களோடு நான்கு சுவர்களுக்குள் கழிந்தன. கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய புனிதர்களோடு தம்மை ஒப்பிட்டால், அவர்கள் மலையாகவும் தாம் மணற்பருக்கையாகவும் தெரிவதாக அவர் எழுதினார். ஆகவே அரிய செயல்களைத் தேடாமல், கைக்கு எட்டும் மிகச் சிறிய செயல்களை இறைவனுக்காகச் செய்வது என்று முடிவு செய்தார். இதைத்தான் அவருடைய ‘சிறிய வழி’ என்கிறோம். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்தப் போதனையின் கடுமை, அவரே சொல்லும் ஒரு நிகழ்ச்சியைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மடத்தில் சேன் பியேர் என்ற முதிய சகோதரி நடக்க முடியாமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். மாலைத் தியானத்தின்போது, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், யாராவது எழுந்து அவரைச் சாப்பாட்டறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது எளிதன்று என்பதை அறிந்திருந்தும், பயிற்சிக் காலத்தில் இருந்த தெரேசா அந்தப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார். முதியவர் தம்முடைய மணற்கடிகாரத்தை ஆட்டினால் ‘புறப்படு’ என்று பொருள். அவருடைய இருக்கையை ஒரு குறிப்பிட்ட விதத்தில்தான் எடுக்க வேண்டும். பின்னால் நின்று இடைக்கச்சையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். சற்று வேகமானால், விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளப் போவதாக முறையிடுவார். மெதுவானாலோ, பிடித்திருக்கும் கையே தெரியவில்லை என்றும், இந்தச் சின்னப் பெண்ணால் ஆகாது என்று தாம் முன்பே சொன்னதாகவும் குறைபடுவார்.

இதைப் படித்த இரவில் வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்போது, “ஏண்டா இப்படி இழுத்துக்கிட்டுப் போற?” என்பார் அப்பா, நடையைத் தளர்த்தினால், “பிடிச்சிருக்கியா இல்லையா?” என்பார். அதே இரண்டு குறைகள், அதே வரிசையில்! நூறாண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒரு புனிதர் அன்றாடம் இதையே கேட்டுக்கொண்டு நடந்தார் என்பது, அதுவரை எந்த மறையுரையும் தராத ஆறுதலை எனக்குத் தந்தது.

அந்த நிகழ்ச்சி அத்துடன் முடியவில்லை. முதியவரை உட்கார வைத்து, சட்டைக் கைகளை அவர் விரும்பும் விதத்தில் மடித்துவிட்டால் தெரேசாவின் வேலை முடிந்தது. ஆனால் அந்த முதியவருடைய கைகளால் ரொட்டியை வெட்ட முடியவில்லை என்பதைச் சில நாட்களில் தெரேசா கவனித்தார். யாரும் கேட்காமலேயே அதை வெட்டிக் கொடுத்து, ஒரு புன்னகையும் செய்துவிட்டுப் போகத் தொடங்கினார். முதியவரின் மனத்தை வென்றது அந்தச் சின்னச் செயல்தான். தெரேசா அன்பு என்று சொல்வதை நான் இங்கேதான் புரிந்துகொண்டேன்: உள்ளத்தில் பாசம் ஊறும்வரை காத்திராமல், எதிரில் இருப்பவருக்கு எது முடியவில்லை என்று உற்றுப் பார்ப்பது.

அப்பாவுக்கு வலக்கை செயலிழந்திருந்தது. இடக்கையால் கரண்டியைப் பிடித்துத் தட்டையான தட்டில் அள்ளும்போது சோறு விளிம்பைத் தாண்டித் தரையில் விழும். அதை யாரும் பார்ப்பதற்குள் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். எறும்பு வருகிறது என்று நான் பல முறை கடிந்துகொண்டிருக்கிறேன். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. தெரேசாவைப் படித்த மறுநாள் விளிம்பு உயர்ந்த ஒரு கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து வைத்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

பொறுமை எல்லை கடக்கும்போது என்ன செய்வது என்பதற்கும் தெரேசாவிடம் பதில் உண்டு. உடல்நலமின்றிப் படுத்திருந்த மடத்துத் தலைவியின் உறக்கத்தைக் கலைத்ததாகத் தம்மீது பழி விழுந்தபோது, நின்று வாதாடினால் மன அமைதியை இழந்துவிடுவோம் என்று உணர்ந்து, அவர் அங்கிருந்து ஓடிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். நெஞ்சு படபடத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இது கோழைத்தனம் அன்று. நம் அளவை நாமே அறிந்திருப்பது. நானும் பல நாட்கள் வாசற்படியில் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, மரியன்னையை நோக்கி ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெரேசா புன்னகையோடு பொறுத்துக்கொண்டவை எரிச்சல்கள்: துணி துவைக்கும்போது முகத்தில் தெறித்த அழுக்கு நீர், தியான நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் எழுப்பிய விநோத ஓசை போன்றவை. அடியையும் வன்முறையையும் சகித்துக்கொள்ளும்படி ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு அவருடைய பெயரை எவரும் பயன்படுத்தக் கூடாது.

அவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ நூலை வாங்கினால், இறுதிப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். மேலே சொன்னவை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவர் அந்தப் பகுதியை எழுதியது இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1897 சூன் மாதத்தில். விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற இருள் ஓராண்டுக்கு மேலாக அவர் உள்ளத்தை மூடியிருந்தது. நுரையீரலைக் காசநோய் தின்றுகொண்டிருந்தது. கடைசிப் பக்கங்களைப் பேனாவால் எழுத வலுவில்லாமல் பென்சிலால் எழுதினார்.