கிட்டத்து வீட்டுக்கு மாற ஆள் பிடிக்க வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் மேல்மாடி வாடகை வீட்டிலிருந்து பாலையூற்றில் ஒரு தனி வீட்டுக்கு மாறுகிறோம். ஐந்து கிலோமீற்றர்தான் வரும். இரட்டைக் கதவு பிரிட்ஜ், வோஷிங் மெஷின், ஓர் இரும்பு அலுமாரி, ஒரு முதிரை மர அலுமாரி, இரண்டு கட்டில், கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேசை, செற்றி, டிவி, மகனின் உயர்தரப் புத்தகங்கள், குசினிச் சாமான்கள், முப்பது பூச்சாடிகள் இருக்கின்றன. கணவருக்கு முதுகு வருத்தம். அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்கிறார்கள். தெரிந்தவரிடம் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றும் இருக்கிறது. இன்னொருவர் லொறியும் நான்கு ஆள்களும் கொண்டுவந்து எல்லாவற்றையும் கட்டி ஏற்றி இறக்கித் தருவதாக ஒரு தொகை கேட்கிறார். இந்தக் கிட்டத்துக்கு அவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா? புது வீட்டுத் திறப்பு கிடைத்த பிறகும் பழைய வீடு ஆறு நாள் எங்கள் கையில் இருக்கும்.

பதில்: முழுக்கவும் கொடுக்க வேண்டாம். முழுக்க நீங்களே தூக்கவும் வேண்டாம். பாரமான எட்டுப் பத்துச் சாமானுக்கு மட்டும், அரை நாளுக்கு, மூன்று பேரையும் ஒரு லொறியையும் பிடியுங்கள். மீதியெல்லாம் பெட்டி வேலை, அது உங்கள் ஆறு நாளுக்குள் முடிந்துவிடும்.

இந்த முடிவில் தூரத்துக்குப் பெரிய பங்கில்லை. உவர்மலையிலிருந்து பாலையூற்றுக்கு லொறி ஓடுவது கால் மணித்தியாலம். அதே லொறியில் மேல்மாடிச் சாமானை ஏற்ற ஒன்றரை மணித்தியாலம், இறக்கி அறைக்குள் வைக்க இன்னும் ஒரு மணித்தியாலம் போகும். கண்டிக்கு மாறினாலும் இந்த இரண்டரை மணித்தியாலம் குறையாது. கிட்டத்தில் மாறுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். “பக்கத்திலதானே, நாலு தரம் போய் வந்தால் முடிஞ்சுது” என்று தொடங்குவார்கள். ஒவ்வொரு தரமும் படியிறங்கி, ஏற்றி, கட்டி, அவிழ்த்து, இறக்க வேண்டும். மூன்றாவது தரம் பொழுது பட்டுவிடும், நான்காவது தரம்தான் கண்ணாடி உடையும்.

ஆகவே நீங்கள் எண்ண வேண்டியது படிகளையும், தனி ஒருவரால் தூக்க முடியாத சாமான்களையும், உண்மையில் தூக்கக்கூடிய ஆள்களையும்தான். உங்கள் கணவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதுகு வருத்தம் உள்ளவர் “ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறேன்” என்று வருவார். படியில் இறங்கும்போது கீழ்ப் பக்கம் நிற்பவர் மீதே பாரத்தின் பெரும்பகுதி சாயும், நடுவழியில் கைவிடவும் முடியாது. நண்பர்கள் இருவரையும் பெட்டி தூக்க வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு வந்தவரிடம் சுவரில் கீறினாலும் ஒன்றும் சொல்ல முடியாது, பிந்தி வந்தாலும் கேட்க முடியாது. கூலிக்கு வந்தவரிடம் இரண்டும் முடியும்.

ஆளோடு பேசுவதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். இரும்பு அலுமாரி ஆறரை அடி உயரமும் இரண்டடி ஆழமும் என்றால், நிமிர்த்தியதைச் சரிக்கும்போது அதன் மூலைக்கு மூலை நீளம் 6 அடி 10 அங்குலம் வரும். படித் திருப்பத்தில் மேல் தட்டு அதைவிடத் தாழ்வாக இருந்தால் அலுமாரி நின்ற நிலையில் திரும்பாது, படுக்க வைத்தே கொண்டுவர வேண்டும். அதற்கு இன்னோர் ஆள் கூட வேண்டும். பிரிட்ஜின் அகலத்தையும் வாசல் நிலையின் உள் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டு அங்குலத்துக்குக் குறைவாகத்தான் இடைவெளி என்றால் பிரிட்ஜின் கதவுகளைக் கழற்றவோ வாசல் கதவைப் பிணைச்சலிலிருந்து எடுக்கவோ வேண்டியிருக்கும். பாலையூற்று வீட்டில் கேற் அகலத்தையும், வாசல்வரை லொறி போகுமா என்பதையும் பாருங்கள். ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் நூறு மீற்றர் தள்ளி நிறுத்தினால் ஒரு மாடி கூடியதற்குச் சமம்.

பட்டாவா லொறியா? பட்டாவின் தட்டு ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், முக்கால் தொன் அளவில் பாரம் ஏற்றும். தட்டு தாழ்வு என்பதால் தூக்குவது லேசு, குறுகிய ஒழுங்கைக்கும் போகும். ஆனால் பிரிட்ஜையும் வோஷிங் மெஷினையும் ஓர் அலுமாரியையும் வைத்தால் நிறைந்துவிடும். உங்கள் பாரச் சாமானுக்கு மூன்று தரம் போக வேண்டும், அந்த மூன்று தரமும் கூலிக்காரரின் நேரம் ஓடும். 14½ அடி லொறி என்றால் ஒரே தரம். லொறிக்காரர் கேட்பது பட்டாவைவிடக் கூடத்தான், ஆள் கூலியோடு சேர்த்துப் பார்த்தால் பல வேளை குறைவாகவே முடியும். இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒழுங்கை இடம் கொடுக்காவிட்டால் மட்டும் பட்டா.

திருகோணமலையில் வாகனம் பேசும்போது கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: “விடிய மீன் ஏத்தினீங்களோ?” ஐஸ் தண்ணீரும் உப்பும் ஊறிய தட்டில் மெத்தையையும் செற்றியையும் வைத்தால் அந்த மணம் மாதக்கணக்கில் போகாது. இரும்பு அலுமாரியின் அடியில் துருவும் பிடிக்கும். சீமெந்து ஏற்றிய லொறி என்றால் கூட்டித் துடைத்துத் தருமாறு சொல்லலாம். மீன் ஏற்றியது என்றால் வேறு வாகனம் பாருங்கள்.

முழு வேலையையும் எடுக்கிறேன் என்பவரிடமும் அரை நாள் கூலிக்கு வருபவரிடமும் ஒரே விடயங்களைத்தான் பேச வேண்டும். தொகை தரத்துக்கா, நாளுக்கா? மேல்மாடி என்பது அதில் சேர்ந்ததா? கட்டில் கழற்றிப் பூட்டுவது யார்? தரப்பாளும் கயிறும் அவர் கொண்டுவருவாரா? சாப்பாடு யார் பொறுப்பு? உடைந்தால் என்ன செய்வது? அலுமாரி, பிரிட்ஜ், படிக்கட்டு மூன்றையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, பேசியதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அன்றைக்கு வந்து “மாடி என்று சொல்லேல்லையே” என்று தொகை ஏறுவதற்கு இடமிருக்காது. கொழும்பு நிறுவனங்களை அழைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஐந்து கிலோமீற்றர் மாற 250 கிலோமீற்றருக்கு மேல் ஒரு லொறி வெறுமையாக ஓடி வருவதற்குக் காசு கொடுப்பது வீண்.

நாள் பார்ப்பதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. பால் காய்ச்சுவதும் சாமான் ஏற்றுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை. நல்ல நாள் என்றால் ஊரில் எல்லோருக்கும் நல்ல நாள், அன்று லொறி கிடைக்காது, கிடைத்தாலும் ஓட்டமாக வரும். சாமிப் படம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, பால் சட்டியோடு முகூர்த்தத்துக்குப் போய்ப் பால் காய்ச்சுங்கள். கட்டில் அலுமாரியை இடைநாள் ஒன்றில் விடிய ஆறு மணிக்கு ஏற்றுங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை என்றால் தரப்பாள் இல்லாத வாகனத்தைப் பேசவே வேண்டாம். வெக்கையான கச்சான் காற்று வீசும் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு படியேறுகிறவர்கள் பாதி வேகத்தில்தான் ஏறுவார்கள். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாள்களில் நகருக்குள் லொறி விட நினைக்காதீர்கள்.

இனி உங்கள் ஆறு நாள். முதல் நாள் வெறும் வீட்டைக் கழுவி, குழாய்களைத் திறந்து பார்த்து, பிரிட்ஜ் வைக்கும் இடத்தில் பிளக் பொயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரோரம் கறையான் மண் தெரிந்தால் முதிரை அலுமாரி வருவதற்கு முன்னமே மருந்து அடிக்க வேண்டும். பிறகு மூன்று நாள் பின்னேரங்களில் பெட்டிகள். இரண்டு அறை வீட்டில் சாதாரணமாக நாற்பது பெட்டி, பை சேரும். ஓட்டோவில் ஆறேழு போகும், ஒரு பின்னேரம் இரண்டு தரம் போனால் போதும். பால்மாப் பெட்டியும் பிஸ்கட் பெட்டியும் கடையில் கேட்டால் தருவார்கள். சவர்க்காரப் பெட்டியில் அரிசி, மிளகாய்த்தூள் போடாதீர்கள். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டியாகத் தேடுங்கள். 500 தாள் கொண்ட ஒரு ஏ4 கட்டே இரண்டரைக் கிலோ இருக்கிறது, பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடுக்கினால் படியில் வைத்து அடி கழன்றுவிடும். பெட்டியின் மேலே அல்ல, பக்கவாட்டில் எந்த அறை என்று எழுதுங்கள். அடுக்கிய பிறகும் தெரிய வேண்டுமே.

கட்டிலில் ஒரு விடயம் கவனியுங்கள். உவர்மலையில் கடற்காற்று விழுகிற வீட்டில் நாலைந்து வருடம் நின்ற கட்டிலின் போல்ட்டும் நட்டும் ஒன்றாக இறுகியிருக்கும். கழற்றும் அன்று காலையில் ஸ்பனரை வைத்து மல்லுக்கட்டினால் போல்ட்டின் தலை தேய்ந்துவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முதல்நாள் இரவே ஒவ்வொரு நட்டின் மீதும் டபிள்யூடி-40 அடித்து அல்லது கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பி, ‘டக்’ என்று துரு விட்ட பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். கழன்ற போல்ட் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள். கட்டிலின் எந்தக் கால் எந்தச் சட்டத்தோடு என்று சோக்கட்டியால் 1-1, 2-2 என்று எழுதினால் பூட்டும்போது வாக்குவாதம் இல்லை.

பிரிட்ஜை முதல்நாளே நிறுத்தி, ஐஸ் கரைத்து, பின்பக்கத் தட்டிலுள்ள தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள். நிமிர்ந்தே போக வேண்டும். படுக்க வைத்தால் கொம்பிரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், உடனே மின்சாரம் கொடுத்தால் கொம்பிரசர் எண்ணெயில்லாமல் சுற்றும். நிமிர்ந்து போனாலும் இரண்டு மூன்று மணித்தியாலம் பொறுத்துத்தான் போட வேண்டும். வழியில்லாமல் படுக்க வைத்தீர்கள் என்றால் ஓர் இரவு நிற்கட்டும். வோஷிங் மெஷின் முன்பக்கம் திறப்பது என்றால் வாங்கியபோது பின்னால் கழற்றிய நீளப் போல்ட்டுகளைத் தேடிப் பூட்டுங்கள். தொலைத்திருந்தால் நிமிர்த்தியே வைத்து, லொறியை மெதுவாக ஓட்டச் சொல்ல வேண்டும். மேலே திறப்பதற்குத் தொட்டியைச் சுற்றி ஒரு பழைய பெட்சீற்றைத் திணித்தால் ஆடாது.

காஸ் சிலிண்டரை ரெகுலேற்றர் கழற்றி, வாயை மூடி, நிமிர்த்திக் கட்டித் திறந்த தட்டில் அனுப்புங்கள். ஓட்டோவின் பின்சீற்றில் படுக்க வைத்துக் கொண்டுபோவதைப் பல இடங்களில் காணலாம், அதைச் செய்யாதீர்கள்.

ஏற்றும்போது பாரமானவை கபினுக்குப் பக்கம். அலுமாரியின் முதுகு கபினைப் பார்க்க வேண்டும். மேசைக் கண்ணாடியை ஒருபோதும் படுக்க வைக்காதீர்கள். கிடையாக வைத்த கண்ணாடி ஒரு குழிக்கே நடுவில் வெடிக்கும். இரண்டு மெத்தைக்கு நடுவே, நீளப்பாட்டில், செங்குத்தாக நிறுத்திக் கட்டுங்கள். டிவியும் அப்படியே, திரை மெத்தையைப் பார்த்தபடி. கயிறு போட்ட பிறகு மேலே ஒரு பழைய மீன்வலைத் துண்டை இழுத்துக் கட்டினால் சின்னச் சாமான் பறக்காது. வீட்டில் வயதானவர், பிள்ளை யாருக்காவது உடனே படுக்க இடம் தேவை என்றால் அந்தக் கட்டில் கடைசியாக ஏறட்டும், அதுதான் முதலில் இறங்கும். உவர்மலைச் சரிவில் லொறி நிற்கும்போது பின் ரயருக்குக் கல் வைக்காமல் ஏற்றத் தொடங்க விடாதீர்கள்.

பூச்சாடிகளை முதல்நாள் தண்ணீர் விடாமல் வைத்தால் பாரம் குறையும். இரவில் ரோட்டோரம் இறக்கி வைக்காதீர்கள். நகருக்குள் உலாவும் மான்களுக்கு அது விருந்து. அடையாள அட்டை, உறுதிப் பத்திரங்கள், நகை, மருந்து, மகனின் பரீட்சை அனுமதி அட்டை எதுவும் லொறியில் ஏறக்கூடாது, உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஆறு நாள் இல்லாமல், ஒரே நாளில் ஒரு வீட்டை விட்டு மற்றதில் ஏற வேண்டியிருந்தால் எங்கள் பதில் வேறாக இருக்கும். இரண்டு வீடும் மாடியாக இருந்தாலும், வீட்டில் தூக்கக்கூடியவர் எவருமே இல்லை என்றாலும் அப்படியே. அப்போது நான்கு ஆள் கொண்டுவருகிறவர் கேட்கும் தொகை நியாயம்தான். அப்போதும் கண்ணாடிப் பாத்திரத்தையும் துணியையும் நீங்களே கட்டுங்கள். கட்டும் வேலை அவர் நேரத்தில்தான் கூடுதலாகப் போகிறது.

ஐந்தாம் நாள் லொறி, ஆறாம் நாள் பழைய வீட்டைக் கழுவிக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டு மின்மானியையும் தண்ணீர் மானியையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். லொறிக்காரருக்கு மிச்சக் காசைக் கொடுப்பதற்கு முன் தட்டில் ஏறி ஒருதரம் பாருங்கள். போல்ட் பை, அலுமாரித் தட்டைத் தாங்கும் சின்ன ஆணிகள், மேசைக் காலின் ரப்பர் எல்லாம் அந்த மூலையில்தான் கிடக்கும்.